வங்கிக் கடன் எட்டாத சிறுதொழில் முனைவோருக்குப் பொது நிதி எவ்வாறு துணைநிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ கடன் தேடுபவர்களில் பலர், அரசுத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டு வங்கிக்குச் சென்று, அங்கே வேறு விதமான பதிலைப் பெற்றுத் திகைத்துத் திரும்புகிறார்கள். பொதுப்பணம் எந்த இடத்தில் நிற்கிறது, முடிவெடுப்பவர் யார், நட்டம் வந்தால் அதை ஏற்பவர் யார் என்பவை தெளிவாகாததே அந்தத் திகைப்புக்குப் பெரும்பாலும் காரணம். அந்த மூன்றையும் விளக்குவதே கீழ்க்காணும் பதில்களின் நோக்கம்.

அரசுத் திட்டக் கடன் என்றால் அரசே பணம் கொடுக்கிறது என்று பொருளா?

பெரும்பாலான திட்டங்களில் அப்படி இல்லை. கடன் தொகை வங்கியிடமிருந்தோ, கூட்டுறவு நிறுவனத்திடமிருந்தோ, நுண்கடன் நிறுவனத்திடமிருந்தோ வருகிறது. விண்ணப்பத்தை ஆராய்ந்து முடிவெடுப்பதும் அந்த நிறுவனமே. அரசு அதன் பின்னால் நின்று, நட்டத்தில் ஒரு பங்கை ஏற்கிறது, அல்லது குறைந்த வட்டியில் அதற்கு மூலதனம் தருகிறது, அல்லது கடன் பெறுபவரின் வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்துகிறது. இந்தியாவில் 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முத்ரா கடன் என்று ஊரெங்கும் சொல்லப்பட்டாலும், முத்ரா நிறுவனம் தனிநபர் எவருக்கும் நேரடியாகக் கடன் தருவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தருகின்ற கடனுக்கு அது மறுநிதி வழங்குகிறது, அதாவது அந்தக் கடனுக்கான பணத்தை அந்த நிறுவனங்களுக்குத் தருகிறது; கடனுக்கான உத்தரவாதம் தனியான ஒரு நிதியத்திலிருந்து வருகிறது.

இதை முதலிலேயே அறிந்துகொள்வது பயன் தரும். வங்கிக் கிளையில் அமர்ந்திருப்பவர் அரசின் பணத்தைப் பங்கிட்டுக் கொடுப்பவர் அல்லர். வைப்பாளர்களின் பணத்துக்குப் பொறுப்பேற்று, அதைத் திரும்பப் பெற வேண்டிய கடமை உள்ளவர். அவரிடம் உரிமையாகக் கேட்கக்கூடியது நேர்மையான பரிசீலனை.

கடன் எட்டாதவர்கள் என்று யாரைக் குறிப்பிடுகிறார்கள்?

தொழிலில் திறமை இருந்தும் வழக்கமான கடன் வழிகள் யாருக்கு அடைபட்டிருக்கின்றனவோ அவர்கள் அனைவரும் இதில் அடங்குவர். பெண்கள், சாதியாலோ இனத்தாலோ ஒதுக்கப்பட்ட சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள், குடிபெயர்ந்தோர், தெருவோர வணிகர்கள், வங்கிக் கிளைகள் அரிதாக உள்ள பகுதிகளில் வாழ்வோர், முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் எனப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். காரணங்கள் மட்டும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: அடமானம் வைக்கச் சொத்து இல்லை, முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை, வருமானம் ரொக்கமாகவே வந்து போவதால் அதற்குச் சான்று இல்லை.

இவற்றோடு பாகுபாடும் உண்டு, அதை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பெண் தொழில்முனைவோர் வணிகக் கடன் பெற ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்பதற்கு இடமளித்த மாநிலச் சட்டங்கள், 1988இல் நிறைவேற்றப்பட்ட பெண்கள் தொழில் உரிமைச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தன. சொத்துரிமை தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட ஒருவரிடம் இன்று சொத்து ஜாமீன் கேட்பது, பழைய அநீதியைப் புதிய படிவத்தில் தொடர்வதற்கு ஒப்பாகும். பொதுப்பணம் இந்த இடத்தில் நுழைவதற்கான வலுவான நியாயம் இதுவே.

நல்ல தொழிலாக இருந்தால் வங்கி தானாகவே கடன் தராதா?

பாகுபாடே இல்லாத வங்கியும் சிறு கடனைத் தவிர்க்க வாய்ப்புண்டு, ஏனெனில் கணக்கு அதற்குச் சாதகமாக இல்லை. ஒரு கோடி கடனை ஆராய்வதற்கும் ஐம்பதாயிரம் கடனை ஆராய்வதற்கும் ஆகும் வேலை ஏறத்தாழ ஒன்றே: ஆவணம் சரிபார்க்க வேண்டும், தொழிலிடத்தை நேரில் பார்க்க வேண்டும், தவணைகளைக் கண்காணிக்க வேண்டும். ஆனால் வட்டியாகக் கிடைக்கும் வருமானம் முன்னதில் இருநூறு மடங்கு. அதனுடன், கடன் வரலாறு இல்லாதவர் திருப்பிச் செலுத்துவாரா மாட்டாரா என்பதைக் கணிக்கும் தகவலும் வங்கியிடம் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் அடமானம் கேட்பது வங்கியின் பழக்கம். அடமானம் இல்லாத இடத்தில் மறுப்பது அதன் அடுத்த பழக்கம்.

கடன் உத்தரவாதம் என்பது சரியாக எப்படி இயங்குகிறது?

பொது நிதியின் கருவிகளில் அதிகம் பயன்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அரசு நிறுவிய ஓர் உத்தரவாத நிதியம், கடன் தவறினால் வங்கிக்கு ஏற்படும் நட்டத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தான் ஏற்பதாக முன்கூட்டியே உறுதியளிக்கிறது. ஒரு லட்சம் கடனுக்கு 75 விழுக்காடு உத்தரவாதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பதாயிரம் செலுத்தப்பட்ட பிறகு தொழில் நின்றுபோனால், மீதமுள்ள அறுபதாயிரத்தில் நிதியம் 45,000 தரும், வங்கி 15,000 இழக்கும். இந்த ஏற்பாடு அடமானத்தின் இடத்தை நிரப்புவதால், சொத்தில்லாதவரின் விண்ணப்பமும் வங்கியின் பார்வையில் பரிசீலனைக்குரியதாகிறது.

வங்கிக்கும் ஒரு பங்கு நட்டத்தை விட்டுவைப்பது வேண்டுமென்றே செய்யப்படுவது. முழு நட்டத்தையும் அரசு ஏற்றால், விண்ணப்பத்தைக் கவனமாக ஆராய வங்கிக்குக் காரணமே இருக்காது. தாங்க முடியாத கடனை ஏழைகளின் தலையில் சுமத்துவதில்தான் அது முடியும். 1953இல் நிறுவப்பட்ட அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகம், தன் முதன்மைக் கடன் திட்டத்தில் 1,50,000 டாலர் வரையிலான கடன்களுக்கு 85 விழுக்காடும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 75 விழுக்காடும் வரை உத்தரவாதம் தருவது இந்த அடிப்படையில்தான். சிறிய கடனுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை என்ற கணிப்பும் அந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது. இந்தியாவில் நடுவண் அரசும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையை நிறுவின. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு அது கூடுதல் விழுக்காட்டில் உத்தரவாதம் அளிக்கிறது.

உத்தரவாதம் இலவசமன்று. கடன் தொகையின் ஒரு சிறு விழுக்காடு உத்தரவாதக் கட்டணமாக நிதியத்துக்குச் செல்கிறது, பல வங்கிகள் அதைக் கடன் பெறுபவரிடமே வசூலிக்கின்றன. வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடாமல், இந்தக் கட்டணத்தையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.

உத்தரவாதம் இருந்தால், தொழில் நட்டமடையும்போது கடன் தள்ளுபடியாகிவிடுமா?

ஆகாது. உத்தரவாதம் பாதுகாப்பது கடன் கொடுத்தவரை. கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியே நீடிக்கும். நிதியம் வங்கிக்குப் பணம் தந்த பிறகும் வசூல் நடவடிக்கை தொடரும், வசூலாகும் தொகை நிதியத்துக்கும் வங்கிக்கும் பிரியும், தவறிய கடன் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறி அடுத்த கடனுக்குத் தடையாக நிற்கும். அரசுக் கடன்தானே, கட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று அறிவுரை சொல்பவர் எவராயினும் அவர் உங்களுக்குத் தீங்கு செய்கிறார்.

வங்கி வழியாக அல்லாமல் வேறு வழிகளில் பொதுப்பணம் வருவதுண்டா?

உண்டு, என் கணிப்பில் மிகவும் விளிம்பில் உள்ளவர்களைச் சென்றடைவது அந்த வழிகளே. அரசு மொத்தமாக ஒரு தொகையைச் சமூக நோக்குள்ள இடைநிலை நிறுவனத்துக்குக் கடனாகத் தருகிறது. அந்த நிறுவனம் அதைச் சிறு சிறு கடன்களாகப் பிரித்துத் தருகிறது. திரும்பி வரும் தவணைகள் மீண்டும் புதியவர்களுக்குக் கடனாகின்றன. இப்படிச் சுழலும் நிதியில் ஒரே தொகை பல ஆண்டுகளில் பலருக்குப் பயன்படும். வங்கதேச அரசு 1990இல் நிறுவிய பி.கே.எஸ்.எஃப். என்னும் அறநிறுவனம், நாடெங்கும் உள்ள நுண்கடன் நிறுவனங்களுக்கு இவ்வாறு மொத்த நிதி வழங்கி வருகிறது. அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகத்தின் நுண்கடன் திட்டமும் இலாப நோக்கமற்ற இடைநிலை நிறுவனங்கள் வழியாகவே 50,000 டாலர் வரை கடன் தருகிறது; அந்தப் பணத்தைப் பழைய கடனை அடைக்கவோ நிலமும் கட்டடமும் வாங்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

மூலதன மானியம் இன்னொரு வழி. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கக் கருவூலத்தில் உருவான சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களுக்கான நிதியம், கடன் எட்டாத சமூகங்களுக்குக் கடன் தருவதற்காகவே இயங்கித் தகுதிச் சான்று பெற்ற நிறுவனங்களின் மூலதனத்தை வலுப்படுத்த உதவி தருகிறது. அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக நடுவண் அரசு சாராத மூலத்திலிருந்து ஒரு டாலர் திரட்ட வேண்டும் என்பதே அங்கே பொது விதி. இப்படிப் பெற்ற மூலதனத்தைக் காட்டி அந்த நிறுவனம் வங்கிகளிடமும் அறக்கட்டளைகளிடமும் மேலும் கடன் திரட்ட முடியும் என்பதால், தொடக்கத்தில் போட்ட பொதுப்பணம் தன்னைவிடப் பெரிய தொகையை உள்ளே இழுக்கிறது.

இழப்பு ஒதுக்கு நிதி என்ற ஏற்பாடும் உண்டு. கடன் வாங்குபவரும் கொடுப்பவரும் சேர்ந்து கடன் தொகையின் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைக்க, அரசு அதற்கு ஈடான தொகையைச் சேர்க்கிறது. அந்த நிறுவனத்தின் வாராக் கடன்களுக்கு அந்தத் தொகுப்பிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. அமெரிக்காவின் மாநிலச் சிறுதொழில் கடன் முனைப்பில் இருவரும் செலுத்தும் பங்கு மொத்தம் 2 முதல் 7 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த முனைப்பு 2010இல் 150 கோடி டாலருடன் தொடங்கியது. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் 1,000 கோடி டாலருடன் புதுப்பிக்கப்பட்டபோது, சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோருக்கெனத் தனிப் பங்கும் பழங்குடி அரசுகளுக்கெனத் தனி ஒதுக்கீடும் சேர்க்கப்பட்டன.

வட்டி மானியம், முதலீட்டு மானியம் இரண்டில் எது நல்லது?

அவை தீர்க்கும் சிக்கல்கள் வேறு வேறு. முதலீட்டு மானியம், சொந்தப் பங்காகப் போடப் பணமில்லாதவருக்கு உதவுகிறது. இந்தியாவில் 2008 முதல் நடைபெறும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், பிரிவையும் இடத்தையும் பொறுத்துத் திட்ட மதிப்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. அந்த மானியம் கையில் தரப்படாமல் கடன் கணக்குடன் இணைந்த வைப்பாக மூன்று ஆண்டுகள் இருந்த பின்னரே கடனில் சரிக்கட்டப்படுகிறது. தொழிலை நடத்தாமல் மானியத்தை மட்டும் பெற்றுச் செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

வட்டி மானியம் மாதச் சுமையைக் குறைக்கிறது. தெருவோர வணிகர்களுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில், தவணையைத் தவறாமல் செலுத்துபவருக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கடனை முடித்தவருக்கு அதைவிடப் பெரிய கடன் என்ற படிவரிசை அதில் இருப்பதை நான் வட்டி மானியத்தைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். கந்துவட்டிக்கு வாங்கிப் பழகியவருக்கு சில விழுக்காட்டு வட்டிச் சலுகை பெரிய வேறுபாடு அன்று. முறையான கடன் நேரத்தில் கிடைப்பதும், அதைச் செலுத்தியதற்கான பதிவு உருவாகி அடுத்த கடனுக்கு அதுவே ஜாமீனாக நிற்பதும்தான் அவரது நிலையை மாற்றுகின்றன.

கடனோடு பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் ஏன் பொதுப்பணம் செலவிடப்படுகிறது?

புதிதாகத் தொழில் தொடங்குபவர் தடுமாறுவது பெரும்பாலும் கைத்திறனில் அன்று. விலை நிர்ணயிப்பது, கொள்முதலுக்கும் வசூலுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சமாளிப்பது, வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் பிரித்துக் கணக்கெழுதுவது ஆகியவற்றில்தான் தடுமாற்றம் வருகிறது. கடன் கொடுத்த நிறுவனத்தின் அலுவலர் சில மாதங்கள் உடனிருந்து இவற்றைக் கற்பித்தால் பல கடன்கள் வாராக் கடனாவதைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த அலுவலரின் சம்பளத்தை ஐம்பதாயிரம் கடனின் வட்டியிலிருந்து எடுக்க முடியாது. அமெரிக்க நுண்கடன் திட்டம் இடைநிலை நிறுவனங்களுக்குக் கடன் மூலதனத்தோடு ஆலோசனைக்கான மானியத்தையும் சேர்த்தே தருவது இதனால்தான். வரவுசெலவுத் திட்டத்தில் சிக்கனம் பேசப்படும்போது முதலில் வெட்டப்படுவதும் இந்த மானியம்தான். அது தவறான சிக்கனம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சட்டத்தால் வங்கிகளைக் கட்டாயப்படுத்தினால் போதாதா?

விதியும் நிதியும் சேர்ந்தே பயன் தருகின்றன. இந்தியாவில் வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 விழுக்காட்டை வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும், அதனுள் 7.5 விழுக்காடு குறுந்தொழில்களுக்குச் செல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை புதுத்தொழில் கடன் தர வேண்டும் என்ற இலக்கை வைத்தது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சமூக மறுமுதலீட்டுச் சட்டம், தான் வைப்புத்தொகை திரட்டும் பகுதியின் கடன் தேவைகளை வங்கி எவ்வளவு நிறைவேற்றுகிறது என்று மதிப்பிடச் செய்கிறது. ஆயினும் விதி மட்டும் இருந்தால், இலக்கை எட்டுவதற்கு எளிதான விண்ணப்பங்களை மட்டுமே வங்கி தேர்ந்தெடுக்கும்; நட்டத்தில் பங்கேற்கும் நிதி பின்னால் இருக்கும்போதுதான் கடினமான விண்ணப்பத்தையும் அது திறந்து பார்க்கும்.

பொதுப்பணம் போதுமான அளவு ஒதுக்கினால், தேவைப்படுவோருக்குத் தானாகச் சென்று சேருமா?

சேராது என்பதற்கு 2020ஆம் ஆண்டே சான்று. பெருந்தொற்றின்போது ஊழியர்களுக்குத் தொடர்ந்து ஊதியம் தரச் சிறுதொழில்களுக்குக் கடன் வழங்க அமெரிக்கா கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் தொகுதியான 34,900 கோடி டாலர் இரண்டு வாரங்களுக்குள் தீர்ந்துபோனது. ஏற்கெனவே வங்கியில் கடன் கணக்கும் கணக்காளரும் வைத்திருந்த நிறுவனங்கள் முந்திக்கொண்டன. தனியாளாகத் தொழில் நடத்துவோருக்கு விண்ணப்ப வாயிலே ஒரு வாரம் தாமதமாகத் திறந்தது. அடுத்த சட்டத்தில் 6,000 கோடி டாலர் சிறு வங்கிகளுக்கும் கடன் சங்கங்களுக்கும் சமூக நிதி நிறுவனங்களுக்கும் தனியே ஒதுக்கப்பட்டது. நிகர இலாபத்தை வைத்துக் கடன் தொகை கணக்கிடப்பட்டதால் மிகச் சிறிய தொழில்களுக்கு ஒன்றும் கிடைக்காத நிலை இருந்தது, 2021இல் மொத்த வருமானத்தை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று அது மாற்றப்பட்டது. யார் வழியாக, எந்தக் கணக்கீட்டில், எந்த வரிசையில் பணம் செல்கிறது என்பதைத் திட்டம் வரையும்போதே தீர்மானிக்க வேண்டும்.

வாராக் கடன் அதிகமானால் அது மக்கள் பணம் வீணாவதுதானே?

வாராக் கடன் எவ்வளவு என்பதோடு, இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அந்தக் கடன் கிடைத்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டும். எப்படியும் வங்கிக் கடன் பெறக்கூடியவருக்கே உத்தரவாதம் சென்றிருந்தால், ஒருவர்கூடத் தவறாத நிலையிலும் பொதுப்பணம் பயனின்றிப் போயிருக்கிறது. வேறெங்கும் கடன் கிடைத்திராத நூறு பேருக்குச் சென்று அவர்களில் சிலர் தவறியிருந்தால், மற்றவர்களின் தொழிலும் அவை உருவாக்கிய வேலைகளும் அந்த நட்டத்துக்கு எதிரே வைத்து எடைபோடப்பட வேண்டும். வாராக் கடனே இல்லாத திட்டத்தைப் பாராட்டுவதற்கு முன், அது யாருக்கெல்லாம் கதவை மூடியது என்று விசாரிப்பது நல்லது. அதே வேளையில், தேர்தல் காலத்தில் இலக்கு வைத்து வாரி வழங்கப்படும் கடன்களும் கேடு விளைவிக்கின்றன. தவணை தவறும்போது கடன் பதிவில் மதிப்பெண் இழந்து நிற்பவர் அந்த எளிய மனிதர்தான்.

விண்ணப்பிக்கும் முன் எவற்றைத் தயார் செய்ய வேண்டும்?

அடையாள ஆவணம், முகவரிச் சான்று, தொழில் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வாங்கவிருக்கும் எந்திரத்துக்கோ பொருளுக்கோ விற்பனையாளர் தந்த விலைப்புள்ளி, திட்ட அறிக்கை ஆகியவை ஏறத்தாழ எல்லாத் திட்டங்களிலும் கேட்கப்படும். திட்ட அறிக்கையைக் காசு கொடுத்து எழுதி வாங்குவோர் பலர். வேறொருவர் எழுதினாலும் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உங்களால் காரணம் சொல்ல முடிய வேண்டும், ஏனெனில் அலுவலர் கேட்கப்போவது உங்களைத்தான். இயன்றால் விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே விற்பனை வருமானத்தை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தி, அன்றாட வரவுசெலவைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பின் முக்கியக் காரணங்களை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாயமான கடன் நடைமுறை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் காரணத்தை அறியும் உரிமையைத் தருகிறது. காரணம் கடன் பதிவிலுள்ள பிழையாக இருந்தால் அதைத் திருத்தக் கோரலாம். திட்டத்தின் வரவுகணிப்பு நம்பத்தக்கதாக இல்லை என்றால் திருத்தி மீண்டும் அளிக்கலாம். சொத்து ஜாமீன் இல்லை என்பது மட்டுமே காரணமானால், உத்தரவாதத் திட்டத்தின்கீழ் பரிசீலிக்குமாறு அதன் பெயரைக் குறிப்பிட்டே கோரலாம். கிளையில் பதில் இல்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்பு அலுவலர், அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் என வழி உண்டு.

கடன் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களை அணுகலாமா?

வேண்டாம். முத்ரா கடனுக்கு முகவர் எவரும் நியமிக்கப்படவில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. அனுமதி வாங்கித் தர முன்பணம், மானியத்தில் பங்கு, வெற்றுத் தாளில் கையெழுத்து ஆகியவற்றில் எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு நேரடியாக வங்கிக் கிளையையோ மாவட்டத் தொழில் மையத்தையோ அணுகுங்கள். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வட்டி விகிதம் நிலையானதா மாறக்கூடியதா, உத்தரவாதக் கட்டணம் எவ்வளவு, முதல் தவணை எந்த மாதம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற நான்கையும் கேட்டு, ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள்.